காலை ஏழு பத்துக்கு நிற்கும் இதயம்

அடையாறு
13.10.1997, திங்கள்

அத்திம்பேருக்கு,

ஜெயராம் எழுதுகிறேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எழுதும் கடிதம்தான், ஆனால் இதில் சொந்த விஷயம் எதுவும் இல்லை. தைரியமாகக் கடைசிவரை படிக்கலாம்.

ஆகஸ்டில் உங்கள் மாரடைப்புக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாய்நாத், வீட்டிலிருந்தபடியே கண்காணிக்க வேண்டியவர்கள் என்று பன்னிரண்டு பேர் பெயரை, இதயத் துடிப்புக் கருவி செய்யும் எங்கள் யூனிட்டுக்குக் கொடுத்திருக்கிறார். ஏழாவது பெயர் உங்களுடையது. பட்டியலைப் பார்த்ததும், வேறு யாராவது ஒரு சுப்பராமனாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மயிலாப்பூர் விலாசமும், டெலிபோன்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதும், துணையிருப்பவர் என்ற இடத்தில் விஜி அக்காவின் கையெழுத்தும் இருந்தன. தப்பிக்க வழியில்லை.

நாளை எங்கள் நர்ஸ் ஏஞ்சல் வந்து கருவியை மாட்டிவிடுவாள். மார்பில் ஒரு எலாஸ்டிக் பெல்ட், உள்பக்கம் இரண்டு வட்டத் தகடுகள். இடுப்பில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்ன ரேடியோ. துடிப்பை அது கம்பியில்லாமல் அனுப்பும். உங்கள் டெலிபோன் பக்கத்தில் வைக்கப்போகும் பெட்டி அதை வாங்கிச் சேர்த்துவைத்து, அரை மணிக்கு ஒரு தரம் தானாகவே எங்கள் நம்பருக்கு டயல் செய்து ஒப்பித்துவிடும். ஐம்பதடிக்குள் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நடமாடலாம். கம்பியில் கட்டிப்போட்ட மாதிரி இருக்காது.

பெல்ட்டைக் குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். பத்து நிமிஷம் வரை பெட்டி பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் கத்தும். செவ்வாய்தோறும் ஏஞ்சல் பேட்டரி மாற்ற வருவாள். ஏதாவது சொல்வதென்றால் அவளிடம் எழுதிக் கொடுங்கள், அல்லது தபாலில் போடுங்கள்.

நான் உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஜெயராம்


மயிலாப்பூர்
16.10.1997, வியாழன்

ஸ்ரீமான் ஜெயராம் அவர்களுக்கு,

உபயகுசலோபரி என்று தொடங்குவது என் வழக்கம். என்னுடைய குசலம் அரை மணிக்கு ஒரு தரம் உமக்கு வந்து சேர்ந்துகொண்டிருப்பதால் அந்தச் சம்பிரதாயத்தை விட்டுவிடுகிறேன்.

பெட்டி வந்து இரண்டு நாள் ஆகிறது. இரண்டு நாளும் காலையில் கத்தியது. நான் ஆறரை மணிக்குக் குளித்துவிட்டு மடியாகப் பூஜையில் உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நாற்பது வருஷப் பழக்கம். ராத்திரி முழுக்க வியர்வையில் ஊறிய ரப்பர் பெல்ட்டை மடித் துணிக்கு மேலே கட்டிக்கொண்டு சாளக்ராமத்தைத் தொட முடியுமா என்று நீரே யோசித்துப் பாரும். உமக்கும் ஒரு காலத்தில் இதெல்லாம் தெரிந்திருந்தது.

நேற்று ருத்ரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெட்டி போட்ட கூச்சலில், மாடி வீட்டுக்காரர் குக்கர் வெடித்துவிட்டதென்று ஓடி வந்தார். இன்றைக்கும் வந்தார், இந்தத் தடவை வேடிக்கை பார்க்க. உம்முடைய நர்ஸ் பெண் போன் செய்து, "இன்னா சார், குளிக்கறதுக்கு ஒண்ணரை மணி நேரமா, ஆறு வத்திப் பூடும் சார்" என்கிறாள். பட்டினப்பாக்கத்துப் பெண்ணாம். நல்ல பெண்தான், கை சுத்தம். வாய்தான் எனக்கு மேல் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். உம்முடைய தகப்பனார் காரியத்தில், பதின்மூன்றாம் நாள், பந்தியில் நாற்பது பேர் எதிரில், "அப்பாவைக் கொன்னது நீங்கதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னவர் நீர். அப்படிச் சொன்னவர் செய்த பெல்ட்டை மார்பில் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். உம்முடைய அக்கா கேட்டுக்கொண்டதற்காக. வேறு காரணம் இல்லை.

பூஜை நேரத்துக்கு மட்டும் பெட்டியின் வாயை அடைக்க ஏற்பாடு செய்யவும்.

இப்படிக்கு,
சுப்பராமன்


அடையாறு
20.10.1997

அத்திம்பேருக்கு,

வாயை அடைக்க முடியாது. அந்தக் கத்தல் உங்களைப் பயமுறுத்துவதற்கல்ல, துடிப்பு கிடைக்கவில்லை என்பதை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வதற்கு. பெல்ட் கழன்றாலும் அப்படித்தான் கத்தும், இதயம் நின்றாலும் அப்படித்தான் கத்தும். அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு விடிந்த முதல் சில மணி நேரம்தான் மோசமான நேரம் என்கிறார் டாக்டர் சாய்நாத். அதைத் தவிர்த்துவிட்டு மிச்ச இருபத்திரண்டரை மணி நேரத்தை எனக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்? துடிப்பைக் கோடாக வரைந்து தரும் காகிதம் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் வெள்ளையாக வருகிறது. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அதன் பிறகும் அப்படியே வந்தால் கருவியை எடுத்து தி.நகரில் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்படி டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

பந்தியில் சொன்னதை நீங்கள் எடுத்ததால் நானும் எழுதுகிறேன். அப்பாவுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்றார். நீங்களும் வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்து மோர் கொடுத்தீர்கள். ஐந்து மணிக்குத்தான் டாக்சிக்கு ஆள் அனுப்பினீர்கள். நான் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நடுவில் போன மூன்று மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்காகத்தான் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இந்தப் பெட்டியைச் செய்ய உட்கார்ந்தேன். வாயுவா இதயமா என்று வீட்டில் இருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கக் கூடாது.

பெல்ட்டை எடுக்காதீர்கள்.

ஜெயராம்


மயிலாப்பூர்
28.10.1997, செவ்வாய்

ஸ்ரீமான் ஜெயராம் அவர்களுக்கு,

இதை ஏஞ்சலிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுக் காலை முதல் பெட்டி கத்தவில்லை, நீர் கவனித்திருப்பீர். உமக்கு வேண்டியது கிடைக்கிறது, என் பூஜையும் நடக்கிறது. எப்படி என்று கேட்க வேண்டாம். வீட்டுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இனிமேல் வெள்ளைக் காகிதம் வராது. தி.நகர்க்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

மோர் விஷயத்தில் நீர் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். அன்றைக்கு உம்முடைய அப்பா என் கையைத் தள்ளிவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன் என்றார். அதை உமக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. போனவர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறான் என்று நீர் சொல்லுவீர் என்பதால்.

நாளை மறுநாள் தீபாவளி. உம்முடைய அக்கா தேன்குழலும் லேகியமும் இந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறாள். எனக்கு இதில் சம்பந்தமில்லை.

சுப்பராமன்


அடையாறு
5.11.1997

அத்திம்பேருக்கு,

அக்கா அனுப்பியது வந்தது. லேகியத்தை ஏஞ்சல் மருந்து என்று நினைத்து எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டாள்.

அப்பா உங்கள் கையைத் தள்ளியது எனக்குத் தெரியாது. இப்போது எழுதுவது வேறு விஷயம், இதைத் தள்ளிப்போட முடியாது.

27ஆம் தேதியிலிருந்து காலை நேரத்துக் காகிதமும் முழுதாக வருகிறது. பகலிலும் இரவிலும் உங்கள் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆகஸ்டில் பார்த்ததைவிட ஒழுங்கு என்கிறார் டாக்டர். ஆனால் காலை ஏழு மணியிலிருந்து ஏழே முக்காலுக்குள் ஒன்று நடக்கிறது. முதலில் துடிப்பு மெதுவாகிறது. பிறகு நின்றுவிடுகிறது. ஒரு நாள் இரண்டரை வினாடி, ஒரு நாள் மூன்று. மறுபடி கிளம்பிவிடுகிறது. பத்து நாளில் ஆறு தடவை. பெரும்பாலும் ஏழு பத்து, ஏழு இருபதுக்கு.

அந்த நேரத்தில் கோட்டின் உருவமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பெல்ட் கீழே இறங்கியிருக்கும் என்று குறித்துவைத்திருக்கிறோம். ஏஞ்சல் அடுத்த செவ்வாய் சரி செய்வாள்.

மூன்று வினாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஐந்து, ஆறு ஆகிவிட்டால் மனிதர் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார். சில பேர் எழுந்திருப்பதில்லை. காலையில் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று உடனே எழுதுங்கள். போனில் சொன்னாலும் சரி. நான் எடுப்பேன்.

ஜெயராம்


மயிலாப்பூர்
8.11.1997, சனி

ஸ்ரீமான் ஜெயராம் அவர்களுக்கு,

எனக்குத் தலையும் சுற்றவில்லை, கண்ணும் இருட்டவில்லை. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கீரை வாங்கிக்கொண்டு வருகிறேன். மூச்சு கூட வாங்குவதில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன்ஸில் இருந்தவன். இதில் பதினொரு வருஷம் மயிலாப்பூர் எக்ஸ்சேஞ்சில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருக் கேபிளில் தண்ணீர் இறங்கும். லைனில் ஒரு பக்கம் கரகர, ஒரு பக்கம் மௌனம். நடுவில் மூன்று வினாடி காணாமல் போவது எங்களுக்கெல்லாம் தினப்படி சமாசாரம். பெட்டி அனுப்பும்போது லைன் விட்டிருக்கும், நீர் என் இதயம் விட்டதென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்.

இன்னொன்று. மாடி வீட்டுக்காரருடைய பிள்ளை துபாயிலிருந்து ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்திருக்கிறான். காலை ஏழு மணிக்குத்தான் அவனுக்கு அங்கிருந்து பேச்சு. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தால் எங்கள் ரேடியோவில் பக்திப் பாட்டு நின்று அவன் மாமனார் பேசுவது கேட்கிறது. உம்முடைய பெட்டி மட்டும் என்ன விதிவிலக்கா?

இயந்திரம் செய்கிறவர் முதலில் இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் மனிதனைச் சந்தேகிப்பது உம்முடைய பழைய குணம்.

சுப்பராமன்


அடையாறு
14.11.1997, வெள்ளி

அத்திம்பேருக்கு,

நீங்கள் சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. உங்கள் பெட்டியை ஏஞ்சல் செவ்வாயன்று எடுத்துவந்து வேறொன்று வைத்தாள் அல்லவா? பழையதைப் பிரித்து இரண்டு நாள் பார்த்தேன். குறை இல்லை. புதியதிலும் புதன்கிழமை காலை அதே மாதிரி நின்றது.

எனவே நேற்றுக் காலை நானே வந்தேன். வீட்டுக்குள் இல்லை, தெருவில். கையில் ஒரு ரிசீவர் வைத்துக்கொண்டு, உங்கள் சுவருக்கு வெளியே இஸ்திரிக்காரர் வண்டியை ஒட்டி நின்றேன். பெல்ட்டிலிருந்து வருவதை நேரே பிடித்தேன். டெலிபோன் லைன் நடுவில் இல்லை. மாடியில் யாரும் போன் பேசவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஏழு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு நான்கு வினாடி நின்றது. என் கண் எதிரில் திரையில் கோடு நேராகப் போயிற்று. உள்ளே உங்கள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, மணிச் சத்தமும் கேட்டது. கதவைத் தட்டலாமா என்று படியில் கால் வைத்தேன். அதற்குள் துடிப்பு வந்துவிட்டது. திரும்பிவிட்டேன்.

ஒரு விவரம் கேட்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் கோட்டின் மேல் சிறு சிறு நடுக்கம் விடாமல் வருகிறது. கை வேலை செய்தால், அதுவும் தோளை அசைத்து ஒரே மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால், அப்படி வரும். பூஜையில் நீங்கள் சந்தனம் அரைக்கிறீர்களா? அந்த அசைவுக்கும் நிற்பதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று டாக்டர் கேட்கிறார்.

எப்படியானாலும் அவர் முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை காலை நீங்கள் அட்மிட் ஆக வேண்டும். ஒரு நாள் பார்த்துவிட்டு பேஸ்மேக்கர் வைப்பார்கள். இதயம் நிற்கப் பார்க்கும்போது அதைத் தட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி, தோள் எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் இருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. அதுவரை தனியாக எங்கும் போக வேண்டாம். அக்கா பக்கத்திலேயே இருக்கட்டும்.

இதை ஏஞ்சல் இன்று மாலையே கொண்டுவந்து தருவாள்.

ஜெயராம்


அடையாறு, உன் ஆபீஸ்
15.11.1997, சனி, காலை ஒன்பதே முக்கால்

சிரஞ்சீவி ஜெயராமுக்கு,

நீ கே.கே. நகரில் ஒரு நோயாளி வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்கிறார்கள். வீட்டிலிருந்து நாலு தடவை உனக்கு போன் செய்தேன். உன் லைன் எப்போதும் எங்கேஜ்டு. உன்னுடைய பெட்டிகளெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டிருந்தால் மனிதன் எப்படிப் பேசுவது? அதனால் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். இந்தக் காகிதம் உன் வரவேற்பறையில் வாங்கியது.

நான் சந்தனம் அரைப்பதில்லை. கடையில் வாங்கும் பொடியைக் குழைத்துக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் கையை முன்னும் பின்னும் இழுத்து வேலை செய்கிற ஆள் ஒருத்திதான். அரிவாள்மணையில் உட்கார்ந்து தேங்காய் துருவுவாள்.

அந்த பெல்ட் பூஜை நேரத்தில் உன் அக்காவிடம் இருக்கிறது.

நீ கருவியை எடுத்துவிடுவேன் என்று எழுதியதும் அவள் பயந்துவிட்டாள். "அது கத்தாம இருக்கணும், அவ்வளவுதானே? எங்கிட்ட குடுங்கோ, நான் கட்டிக்கறேன்" என்றாள். நைவேத்தியத்துக்கு வேண்டிய அன்னமும் பருப்பும் ஆறரைக்குள் முடித்து வைத்துவிடுவாள், அதன் பிறகு அவளுக்கு மடி வேண்டியதில்லை. பெட்டியும் கத்தவில்லை. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. உன் முகத்தில் கரி பூசிவிட்டதாகச் சந்தோஷம்கூட இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நேற்று மாலையே படித்தேன். படித்ததும் புரிந்துவிட்டது. இன்று காலை வரை உனக்குச் சொல்லவில்லை. நீ என்ன நினைப்பாய் என்பதில்தான் என் புத்தி போயிற்று. பிறகு, லைன்தான் பழுது, அவளுக்கு ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெலிபோன்ஸ்காரன் புத்தி.

இன்று காலை பூஜைக்கு உட்காரவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவை. அவள் துருவ உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து இடது கையைப் பிடித்து நாடி பார்த்தேன். "என்ன, புதுசா கையைப் பிடிச்சுண்டு உக்காந்திருக்கேள்?" என்றாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாடி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இல்லை. அவள் முகம் வெளுத்து, கண் எங்கோ போயிற்று. பிறகு வந்தது. வந்ததும் மிச்சத் தேங்காய் மூடியை எடுக்கக் கை நீட்டினாள், ஜெயராம். ஒன்றுமே நடக்காத மாதிரி.

கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே படுக்கவைத்து ஏஞ்சல் கம்பிகளை மாட்டிப் பார்த்தாள். இப்போது என் எதிரில் வந்து நிற்கிறாள். "சார், அம்மாக்கு நின்னு நின்னு போய்க்கினு கீது. டாக்டராண்ட சொல்லிட்டேன், வண்டி வந்துகினு கீது. லெட்டர அப்பால எழுதிக்கலாம், எழுந்திரு சார்" என்கிறாள்.

உன் அப்பா வாயு என்றார், நானும் வாயு என்றேன். அவர் தள்ளினார் என்பது நிஜம். தள்ளிய கையைப் பிடித்து நான் நாடி பார்க்கவில்லை என்பதும் நிஜம். நேராக ஆஸ்பத்திரிக்கு வா.

சுப்பராமன்


அடையாறு
21.11.1997, வெள்ளி

அத்திம்பேருக்கு, நமஸ்காரம்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சொன்னதையும், மருந்துச் சீட்டையும், யார் காபி வாங்கிவருவது என்பதையும் தவிர நாம் எதுவும் பேசவில்லை. எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வைத்த பேஸ்மேக்கர் நன்றாக வேலை செய்கிறது. சனிக்கிழமை மத்தியானம் ஐ.சி.யூ.வில் அக்காவுக்கு ஏழு வினாடி நின்றது. பக்கத்தில் ஆள் இருந்தார்கள். அது வீட்டில், அரிவாள்மணை மேல் குனிந்திருக்கும்போது நடந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். டாக்டர் சாய்நாத், இது மாதக்கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்கிறார்.

நீங்கள் மறைத்தீர்கள் என்று நான் கோபப்பட வேண்டும். கோபப்பட்டும் பார்த்தேன். ஆனால் காகிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. காலை நேரத்துக் கோட்டின் உருவம் வேறு என்று எனக்கு முதல் நாளே தெரிந்தது. அது இன்னொரு மனுஷியுடைய இதயம் என்று தோன்றவில்லை, பெல்ட் இறங்கிவிட்டது என்று எழுதினேன். பெட்டியைப் பிரித்தேன், லைனைப் பார்த்தேன், தெருவில் வந்து நின்றேன். இதைக் கட்டிக்கொண்டிருப்பது யார் என்று ஒரு தடவை கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு இதயம் நின்றதைப் பார்த்துக்கொண்டு, உங்கள் குரல் கேட்கிறதே என்று திருப்தியாகத் திரும்பிப் போனேன்.

திங்கட்கிழமை உங்களைப் படுக்கவைத்திருப்பார்கள். ஒரு நாள் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்பார்கள். அக்கா உங்களுக்குப் பத்தியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருப்பாள். நீங்கள் பூஜையை விட்டு எழுந்து அவள் கையைப் பிடித்ததால்தான் இன்றைக்கு அவள் இருக்கிறாள். பந்தியில் நாற்பது பேர் எதிரில் சொன்ன வார்த்தையை நாற்பது பேரையும் தேடிப்போய்த் திரும்ப வாங்க முடியாது. உங்களிடம் வாங்கிக்கொள்கிறேன். அன்றைக்கு நான் ஊரில் இல்லை என்ற ஆத்திரத்தை உங்கள் மேல் போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. அக்கா ஏன் இத்தனை நாள் இதை நம்மிடம் மறைத்தாள்? தலை சுற்றியிருக்கும், கண் இருட்டியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், நான் இதையே தொழிலாக வைத்திருக்கிறேன். படுத்திருப்பவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நிதானமாகக் கேட்டு எழுதுங்கள்.

ஜெயராம்


மயிலாப்பூர்
26.11.1997, புதன்

சிரஞ்சீவி ஜெயராமுக்கு, ஆசீர்வாதம்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். தையல் காயும்வரை இடது கையைத் தூக்கக் கூடாது என்பதால் சமையல் என் பொறுப்பு. ரசம் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம். மன்னிப்பு என்று நீ எழுதியதைப் பற்றி நேரில் பேசலாம். நானும் கேட்க வேண்டியது இருக்கிறது.

நீ கேட்கச் சொன்னதை நேற்றுச் சாயங்காலம் கேட்டேன். எனக்கும் அது ஆறாமல்தான் இருந்தது. "ஏன் எங்க ரெண்டு பேர்கிட்டயும் மறைச்சே?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கொடியிலிருந்து எடுத்த துணியை ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் எங்க மறைச்சேன்? ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேனே" என்றாள்.

என்னிடம் ஆடி மாதத்தில் சொன்னாளாம். எனக்கு மாரடைப்பு வருவதற்கு முந்தின வாரம். கோயிலிலிருந்து வந்து, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றாளாம். நான் பேப்பரைத் தாழ்த்தாமலே, பித்தம், எலுமிச்சம்பழம் பிழிந்து குடி என்றேனாம். அவள் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

உன்னிடம் ஜூன் மாதம் சொன்னாளாம். நீயும் அவளும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாண்டி பஜாரில் டிபன் சாப்பிடுவது எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். தெரியும். அது போகட்டும். ஹோட்டல் மாடிப்படி ஏறும்போது கால் தள்ளாடி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மேலே வந்து உன்னிடம் சொன்னாளாம். "வயசாறது இல்லையாக்கா, மெதுவா ஏறுன்னான். அப்பறம் பையிலேர்ந்து ஒரு படத்தை எடுத்துண்டு, இந்த மெஷின் எப்படி வேலை செய்யும்னு எனக்கு ஒரு மணி நேரம் சொன்னான். நன்னாத்தான் சொன்னான். காபி ஆறிப் போச்சு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, ஜெயராம். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கேட்டதற்கு விவரம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, மடித்த துணியை அலமாரியில் வைக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வா. நான் தனியாக அவள் எதிரில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சுப்பராமன்